நடித்த காதலும் மறைத்த காதலும்

காதலிக்காத இருவர் காதலிப்பதாக நடிப்பதும், அந்நடிப்பே ஈற்றில் உண்மையாகி விடுவதும் நகைச்சுவை நாடகத்தின் மிகப் பழைய உத்திகளுள் ஒன்றாகும். இவ்வுத்தியின் அண்மைக்கால வடிவமொன்றினை மேனாட்டுத் திரைப்படங்களிலே அடிக்கடி காண்கிறோம். மனைவியை இழந்தோ பிரிந்தோ பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஓர் ஆண். அவ்வாறே பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஒரு பெண். மறுமணம் செய்யுமாறு இருவரையும் உற்றாரும் நண்பரும் ஓயாது நச்சரிக்கின்றனர். அத்தொல்லையினின்று தப்புவதற்காக இருவரும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்து, தாம் காதலர் என்று ஊரை நம்ப வைக்கின்றனர். விருந்துகளுக்குச் சேர்ந்து செல்கின்றனர். பிறர் பார்க்கும் வேளையிலே கை கோத்துக் கொள்கின்றனர். பிள்ளைகள் முதலில் முகஞ்சுளித்துப் பின்னர் ஒட்டிக் கொள்கின்றனர். குட்டு வெளிப்படும் நாளிலே, தம்மிடையே பொய்யாக இருந்தது அந்த உடன்பாடு ஒன்றே என்பதை இருவரும் உணர்கின்றனர். படமும் முடிகின்றது.

இத்தகைய படமொன்றைச் சென்ற ஆண்டு விடுதி நண்பர்களுடன் இருந்து பார்த்தேன். அனைவரும் சிரித்தோம். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அதன் கதையை என் சாச்சிக்கு, அதாவது என் தாயின் தங்கைக்கு, விரிவாகச் சொன்னேன். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டுக் கொண்டிருந்த அவர், “காதலிக்கிற மாதிரி நடிச்சா ஊர் சும்மா விடுமா மகன்? ஊர் சும்மா விடவேணும் எண்டுதானே இங்க எல்லாரும் நடிக்கிறது” என்றார்.

திறனாய்வு நூல்கள் சிலவற்றைப் பாடத்துக்காகப் படித்திருக்கிறேன். இவ்விரு வாக்கியங்கள் தந்த தெளிவை அவற்றுள் எதுவும் இப்பொருள் பற்றி எனக்குத் தரவில்லை. மேனாட்டுக் கதையிலே தனித்து வாழும் தாயும் தந்தையும் இல்லாத காதலை இருப்பதாக நடிக்கின்றனர். எங்கள் எருக்கலம்பிட்டியிலோ, இருக்கும் அன்பை இல்லாததாக நடிக்கின்றனர். நாடகம் ஒன்றே, திசைதான் வேறு. இத்திசை மாற்றத்துக்குக் காரணம் யாது என்பதையும், அதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொய்க்காதல் என்னும் உத்தியின் பரம்பரையைச் சிறிது நோக்குவோம். ஷேக்ஸ்பியர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் எழுதிய இரு நகைச்சுவை நாடகங்களிலே இது சிறப்பாக அமைந்துள்ளது. ஒன்றிலே ஆண்வேடம் பூண்டு காட்டில் வாழும் றோசலிண்ட், தன்னை இன்னாளென்று அறியாத ஒர்லாண்டோவிடம், தன்னையே றோசலிண்டாகப் பாவனை செய்து காதல் மொழி பேசிப் பழகுமாறு கூறுகிறாள். மற்றொன்றிலே, எந்நேரமும் ஒருவரையொருவர் சொல்லம்பால் தைக்கும் பீட்ரிஸும் பெனடிக்கும், மற்றவர் தம்மைக் காதலிப்பதாக ஒட்டுக் கேட்கும்படி நண்பர்கள் சூழ்ச்சி செய்கின்றனர். இரு நாடகங்களிலும் பாவனை ஓர் அனுமதிச் சீட்டாகப் பயன்படுகிறது. நேராகச் சொல்ல நாணும் சொல்லை, ‘இது விளையாட்டு’ என்ற மறைப்பின் பின்னின்று சொல்ல முடிகிறது. வேடம் பொய்யாயினும் வேடத்தினுள்ளிருந்து எழும் குரல் மெய்யானது.

தமிழிலே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எல். வி. பிரசாத் இயக்கத்தில் 1955இல் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’ என்பதில் ஐயமில்லை. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த இப்படத்தின் மூலம் ரவீந்திரநாத் மைத்ராவின் வங்க நாடகமொன்றாகும். வேலையற்ற இந்து இளைஞன் ஒருவனும் வேலையற்ற கிறித்தவப் பெண்ணொருத்தியும், கணவன் மனைவியாக உள்ள ஆசிரியர்களே வேண்டும் என்ற விளம்பரத்தைக் கண்டு, தம்பதியராக நடித்து வேலையில் அமர்கின்றனர். இங்கு பொய்யைத் தோற்றுவிப்பது காதற் குறும்பன்று, வேலையில்லாத் திண்டாட்டமே. சமுதாயம் ‘குடும்பம்’ என்ற முத்திரையைக் கேட்கிறது; முத்திரை இல்லாதவர் அதனைப் பொய்யாகச் செய்துகொள்கின்றனர். பொய்க்காதல் கதைகளின் வேர் தனிமனிதர் மனத்திலே மட்டுமன்றி, அவர்களைச் சூழ்ந்துள்ள சமுதாயத்தின் நிர்ப்பந்தத்திலும் உள்ளது என்பதற்கு இப்படம் சான்றாகும்.

பிள்ளைகளைத் தனியே வளர்ப்போரின் கதை வேறொரு கிளை. அமெரிக்காவிலே பத்துப் பிள்ளைகளைக் கொண்ட, மனைவியை இழந்த கடற்படை வீரர் ஒருவரும், எட்டுப் பிள்ளைகளைக் கொண்ட, கணவனை இழந்த பெண்ணொருவரும் 1961இல் மணம் புரிந்தனர். இவ்வுண்மை நிகழ்ச்சியைத் தழுவி, லூசில் போல், ஹென்றி ஃபொண்டா ஆகியோர் நடிக்க 1968இல் ஒரு நகைச்சுவைப் படம் வெளிவந்தது. அதே கருவைக் கொண்டு பாசு சாட்டர்ஜி பம்பாய்ப் பார்சிச் சமூகத்தைக் களமாக்கி 1978இல் இந்தியில் ‘கட்டா மீட்டா’ என்னும் படத்தை உருவாக்கினார். தமிழிலே நடிகை லட்சுமியின் இயக்கத்தில் 1980இல் வந்த ‘மழலைப் பட்டாளம்’ இவ்வரிசையைச் சேர்ந்ததே. பின்னர் 2000ஆம் ஆண்டில் வஸந்த் இயக்கிய ‘ரிதம்’, ஒரே இரயில் விபத்திலே துணையை இழந்த இருவரின் கதையை நகைச்சுவையைக் குறைத்து மென்மையாகக் கூறியது.

இப்படங்களிலே கருத்தூன்றி நோக்க வேண்டிய ஒன்றுண்டு. பெரும்பாலும் தடையாக நிற்போர் பிள்ளைகள். ஈற்றில் தடையை நீக்குவோரும் பிள்ளைகளே. இரு வீட்டுப் பிள்ளைகளின் போரும் சமாதானமுமே கதையை நடத்துகின்றன. பெற்றோரின் காதல் அக்கூச்சலின் நடுவே ஓசையின்றி வளர்கிறது. நம் நாட்டுச் சூழலில் இவ்வமைப்புக்கு ஒரு தனிப்பயன் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கைம்பெண்ணொருத்தி தனக்காக ஒரு துணையை விரும்பினாள் என்று காட்டினால் முகஞ்சுளிக்கக்கூடிய பார்வையாளர், பிள்ளைகளுக்கு ஒரு தந்தை வேண்டும் என்பதற்காக மணந்தாள் என்று காட்டினால் கைதட்டுவர். பிள்ளைப் பட்டாளம் அவளது விருப்பத்துக்குப் போர்த்தப்படும் போர்வையாகிறது. அ. மாதவையா ‘முத்துமீனாட்சி’யை எழுதிய 1903ஆம் ஆண்டு தொட்டுத் தமிழ்ப் புனைகதை கைம்பெண் மறுமணத்தைச் சீர்திருத்தப் பிரச்சினையாகக் கண்ணீருடன் நோக்கியிருக்கிறது. அதனைச் சிரித்துக்கொண்டு நோக்க நமக்குப் பல பத்தாண்டுகள் சென்றன. சிரிக்கும்போதும் போர்வையை நாம் விலக்கவில்லை.

நிற்க. என் ஊரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். எருக்கலம்பிட்டி மன்னார்த் தீவிலே, தலைமன்னார் வீதிக்கு வடபுறமாகக் கடலோரத்தில் அமைந்த முஸ்லிம் கிராமம். மணலும் பனையும் கழுதைகளும் வாடைக் காற்றும் எமது அன்றாடக் காட்சிகள். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேர் தம் வாழிடங்களை இழந்தனர். எங்கள் ஊரவர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரை சேர்ந்து, புத்தளம் மாவட்டத்திலே ஓலைக் கொட்டில்களில் குடியேறினர். அப்போது என் சாச்சிக்கு வயது பன்னிரண்டு. அவர் வளர்ந்ததும், மணமுடித்ததும், மூன்று பிள்ளைகளைப் பெற்றதும், 2008இல் கணவரை நோய்க்குப் பறிகொடுத்ததும் புத்தளத்திலேதான். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. நாங்கள் வந்தது 2011இல். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரு தசாப்தங்களாக ஆளில்லாதிருந்த சாச்சியின் காணியிலே கூரை இல்லை. சுவரினுள்ளே எருக்கலைச் செடி நின்றது.

சாச்சியின் காணிக்கு அடுத்த காணிக்கு, மனைவியைப் புத்தளத்திலே அடக்கிவிட்டு, பத்து வயது மகனுடனும் ஏழு வயது மகளுடனும் ஒருவர் வந்து சேர்ந்தார். பேசாலையிலே மீன் வாங்கி, மோட்டார் சைக்கிளிலே ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரூராக விற்பது அவரது தொழில். நாங்கள் அவரை மாமா என்றே அழைத்தோம். அவரைப் பற்றியும் சாச்சியைப் பற்றியும் எழுதலாமா என்று சாச்சியிடம் கேட்டேன். “பேரைப் போடாத. ஊர்ப் பேரைப் போட்டாப் பரவாயில்ல. ஊருக்குத் தெரியாத என்னத்தை நீ எழுதப் போறாய்?” என்றார். அவர் தந்த இவ்வனுமதியின் எல்லைக்குள் நின்றே இதனை எழுதுகிறேன்.

தாயில்லாப் பெண்பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னிவிட ஒருவர் வேண்டும். பள்ளிச் சீருடை தைக்க வேண்டும். ஆணில்லா வீட்டுக்குக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஓடித்திரிய ஒருவர் வேண்டும். சீமெந்து மூடை இறக்க வேண்டும். இத்தேவைகள் இரு காணிகளுக்கிடையே ஓர் ஒழுங்கைத் தோற்றுவித்தன. காலையிலே மாமாவின் மகள் கிடுகு வேலியின் கடப்பால் வந்து சாச்சியின் முன் அமர்வாள். மாலையிலே மாமாவின் மகன் மீன் பையைக் கொண்டுவந்து சாச்சி வீட்டுப் படலையிலே கொழுவிவிட்டுப் போவான். மாமா ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. பை திரும்பும்போது அதனுள்ளே இடியப்பமோ அப்பமோ இருக்கும். பாடசாலை விட்டபின் சாச்சி வீட்டிலே பொழுதைக் கழித்த எனக்குக் கிடைத்த வேலை தூது செல்வது. “அந்தப் பிள்ளைட வாப்பாக்கிட்டச் சொல்லு, நாளைக்குப் பிள்ளைக்குப் பாடசாலையில ஊசி போடுறாங்களாம்” என்பார் சாச்சி. “உன்ட சாச்சிக்கிட்டச் சொல்லு, காணிப் பத்திரத்துக்குப் படம் ரெண்டு வேணுமாம்” என்பார் மாமா. இருவரும் பத்து முழ தூரத்தில் நின்றுகொண்டிருக்கையிலே, இடையில் நின்று ஒரே செய்தியை நான் மறுபடி உரத்துச் சொன்ன நாட்கள் பலவுண்டு. அவர்கள் ஒருவர் பெயரை மற்றவர் உச்சரித்து நான் கேட்டதில்லை.

சாச்சியிடம் ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தது. ஒரு பக்கத்திலே மீனின் விலை. மறுபக்கத்திலே சட்டை தைத்த கூலி. பாரைமீன் இவ்வளவு, சீருடை இரண்டு இவ்வளவு என்று எழுதி, மாத முடிவிலே கழித்துப் பார்த்து, மிகுதி இருபது ரூபாவோ முப்பது ரூபாவோ என் கையிலே கொடுத்தனுப்புவார். மாமா அதனை எண்ணாமலே சட்டைப் பையில் வைப்பார். அது என்ன கணக்கு என்பது சிறுவனாகிய எனக்கு அன்று விளங்கவில்லை, இன்று விளங்குகிறது. யாரேனும் கேட்டால் காட்டுவதற்கு வைத்திருந்த கணக்கு அது. கொடுத்ததும் வாங்கியதும் வியாபாரமே என்பதற்கு அக்கொப்பி சாட்சி. மேனாட்டுக் கதையிலே காதலராக நடிப்போர் ஊரார் காணப் படம் பிடித்து மாட்டுகின்றனர். இங்கே ஊரார் காண விலை எழுதி வைத்தனர்.

ஒருமுறை சாச்சி காய்ச்சலால் மன்னார் ஆசுபத்திரியிலே ஐந்து நாட்கள் இருக்க நேர்ந்தது. அந்த ஐந்து நாட்களும் மாமா ஆசுபத்திரிக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையிலே அமர்ந்திருந்தார். கண்டு கேட்டவர்களிடமெல்லாம், கொழும்பிலிருந்து வரும் லொறியொன்றுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். ஐந்தாம் நாள் சாச்சியை வீட்டுக்கு அனுப்பினர். லொறி வராமலே மாமாவும் வீடு திரும்பினார். இதனை ஊரிலே இன்றும் சொல்லிச் சிரிப்பர். நானும் சிரித்திருக்கிறேன். நகைச்சுவை நாடகத்தின் இலக்கணம் அனைத்தும் இந்நிகழ்ச்சியில் உள்ளன. பாத்திரங்கள் மறைப்பதைப் பார்வையாளர் அறிவர். பார்வையாளர் அறிந்திருப்பதைப் பாத்திரங்களும் அறிவர். எனினும் நாடகம் தொடர்ந்து நடைபெறும். இல்லாதது ஒன்றுதான்: நாடகத்தின் இறுதி அங்கம்.

ஊர்ப்பேச்சு என்பது தமிழ் அகப்பொருள் மரபுக்குப் புதியதன்று. அம்பல், அலர் என்று அதற்குப் பெயரிட்டு இலக்கணம் வகுத்தவர் நம் முன்னோர். திருக்குறளிலே ‘அலரறிவுறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. 115ஆம் அதிகாரம் அது. அங்கே அலர் காதலருக்குப் பகையன்று. ஊரார் பேசப் பேசக் காதல் செழிக்கின்றது. களவு வெளிப்பட்டு, வரைவுக்கு வழி பிறக்கின்றது. அலர் எழுந்தபின் மணத்தைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையைத் தோழி தலைவனுக்கு உணர்த்துவாள். நான் முதலாம் வருடத்தில் இப்பகுதியைப் படித்தபோது என் மனத்தில் எழுந்த வினா இது: அத்தலைவி பிள்ளைகளுள்ள கைம்பெண்ணாயின் அலர் என்ன செய்யும்? கன்னிப் பெண்ணைப் பற்றிய அலர் அவளை மணவறை நோக்கித் தள்ளுகிறது. கைம்பெண்ணைப் பற்றிய அலரோ அவளை வீட்டுக்குள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறது. நெய்தல் நிலத்துத் தலைவிக்குத் தோழி இருந்தாள்; செவிலி இருந்தாள். என் சாச்சிக்கு இருந்த தூதனோ ஒன்பது வயதுச் சிறுவன். சொன்னதை மட்டுமே சொல்லத் தெரிந்தவன்.

இத்தடைக்கு மார்க்கமே காரணம் என்று எங்களை அறியாதோர் சிலர் எளிதாகக் கூறிவிடுவர். உண்மை அதற்கு மாறானது. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருத்தல் வேண்டும். அதன்பின் மணம் செய்வது அவளது உரிமை. இத்தா முடியுமுன்னரே மணம் பேசும் எண்ணத்தைக் குறிப்பால் உணர்த்துவதிற் குற்றமில்லை என்றும், இரகசியமாக வாக்குறுதி செய்துகொள்வதே கூடாது என்றும் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 235ஆம் வசனம் உரைக்கின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முதல் மனைவியாரான கதீஜா நாயகி (ரலி) வணிகம் நடத்திய கைம்பெண். தம் விருப்பத்தைத் தோழி நபீஸா மூலம் தாமே தெரிவித்தவர். உஹதுப் போரிலே பட்ட காயத்தால் கணவரை இழந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களைப் பெருமானார் பெண் கேட்டபோது, அவர் தம் வயதையும், ரோச குணத்தையும், பிள்ளைகளையும் தடைகளாக எடுத்துச் சொன்னார். அவருடைய பிள்ளைகள் தம் பிள்ளைகளே என்ற கருத்துப்படப் பெருமானார் விடையிறுத்தனர். பிள்ளைகளுள்ள ஒரு தாய் தன் அச்சங்களை வெளிப்படையாகக் கூறுவதும், கேட்டவர் ஒவ்வொன்றுக்கும் விடை தருவதும் எவ்வளவு நேர்மையான உரையாடல்! எங்கள் பள்ளிவாசலிலே இவ்வரலாற்றைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் வேலிக்கருகே அதைப்போன்ற ஓர் உரையாடலைக் கேட்டதில்லை.

ஆகவே தடையின் வேரை வேறிடத்திலே தேட வேண்டும். முதலாவது, வீடு. எங்கள் குடும்பங்களிலே மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். இவ்வழக்கம் பெண்ணுக்குப் பெரும் பாதுகாப்பு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தாயின் வீடே மூத்த மகளுக்குரிய வீடாகக் கணிக்கப்படும்போது, தாய் அதிலே தற்காலிகக் காவலாளி ஆகிறாள். புதிய கணவர் ஒருவர் வந்து வாழ்வதற்கு அவளிடம் வீடு இல்லை. இடம்பெயர்ந்து இருபதாண்டுகளை இழந்த குடும்பங்களுக்கு இரண்டாவது வீடு கட்டும் வல்லமையும் இல்லை. இரண்டாவது, மகள்மாரின் திருமணம். தாயைப் பற்றி ஒரு சொல் எழுந்தால் மகளுக்கு வரும் சம்பந்தம் திரும்பிப் போகும் என்ற அச்சம் பொருளாதார அச்சமே. சம்பந்தம் தப்பினால் சீதனத்தின் விலை ஏறும். மூன்றாவது, பெண்ணின் சொல்லுக்குள்ள இடம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது, பதிவேட்டிலே மணமகள் கையொப்பமிடுதல் கட்டாயமாக்கப்படவில்லை. வலியாகிய ஆண் உறவினரே அவள் சார்பில் ஒப்பமிடுவார். அச்சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு தன் அறிக்கையை 2018 ஜனவரியிலேதான் கையளித்தது. தன் மணத்தைத் தானே எழுத்தில் உறுதி செய்யாது பழகிய சமூகத்திலே, தன் மறுமணத்தைத் தானே வாய்திறந்து பேசும் துணிவு ஒரு தாய்க்கு எவ்வாறு எளிதில் வரும்?

2019இல் சாச்சியின் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினர். வந்தவர்களுள் ஒருவர், தாயைப் பற்றி ஏதோ பேச்சு இருக்கிறதாமே என்று மெல்லக் கேட்டாராம். மறுநாள் முதல் படலையிலே மீன் பை தொங்கவில்லை. வேலியின் கடப்பு கிடுகு வைத்துக் கட்டப்பட்டது. யார் கட்டினார் என்று எவரும் கேட்கவில்லை. மாமாவின் பக்கத்திலிருந்து கட்டப்பட்டிருந்ததை நான் கண்டேன். சாச்சியின் மகளுக்கு இடையூறு நேரக்கூடாது என்று தாமே நாடகத்தை நிறுத்தியிருந்தார். அவ்வாண்டு இறுதியிலே திருமணம் சிறப்பாக நடந்தது. பந்தலிலே மாமா ஆண்களுடன் இருந்து உண்டுவிட்டுச் சென்றார்.

இவ்விடத்திலே ஒரு மறுப்பை நேர்மையுடன் எதிர்கொள்ளுதல் வேண்டும். இருவரும் துன்பப்பட்டனர் என்று நான் ஏன் கருத வேண்டும்? மணம் இன்றியே இரு வீட்டுப் பிள்ளைகள் ஐவரும் ஆளாகினர். இருவரும் ஒருவர் மானத்தை மற்றவர் காத்தனர். வெளிப்படையாகக் கை கோத்தலே அன்பின் உயர்ந்த வடிவம் என்பது மேனாட்டுப் படங்கள் நமக்கு ஊட்டிய எண்ணமாகவும் இருக்கலாம். விலைக்கணக்கு எழுதிய கொப்பியிலும், வராத லொறிக்குக் காத்திருந்ததிலும் உள்ள பண்பு எந்தப் படத்தின் முத்தக் காட்சிக்கும் குறைந்ததன்று. சாச்சியும் தம்மை ஒரு சோகக் கதாநாயகியாக எண்ணுபவர் அல்லர். மாலை நேரத்திலே தைத்துக்கொண்டே வானொலி கேட்டு, பாட்டுக்குச் சொற்களை மாற்றிப் பாடிச் சிரிக்கும் இயல்பினர். மறுமணம் செய்யாது வாழ்வதும் ஒரு நிறைவான வாழ்வே. அதனைத் தேர்ந்த பல தாய்மாரை எங்கள் ஊர் அறியும்.

இம்மறுப்பிலே உண்மை உண்டு. ஆயினும் வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு கேள்வி முன்னே எழ வேண்டும். அந்தக் கேள்வியை அவரிடம் எவரும் கேட்கவில்லை. கன்னிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேட ஊரிலே பத்துப் பேர் உளர். அது அவர்களுக்குக் கடமையும் நன்மையுமாகத் தோன்றுகிறது. முப்பத்து மூன்று வயதிலே மூன்று பிள்ளைகளுடன் ஊர் திரும்பிய பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுவதைத் தம் கடமை என்று எண்ணியவர் ஒருவருமில்லை. பேச்சைப் பரப்ப ஆள் இருந்தது. பேச்சுக் கொண்டு செல்ல ஆள் இருக்கவில்லை. மேனாட்டுக் கதையின் நாயகனும் நாயகியும் மறுமணத் தொல்லையைத் தாங்காமல் பொய் சொல்லத் தொடங்கினர் அல்லவா? அந்தத் தொல்லையாவது என் சாச்சிக்கு வாய்த்திருக்கலாம் என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு. தொல்லை தருவோர் அவரை மணத்துக்குரிய ஒரு பெண்ணாகவேனும் கருதியிருப்பர்.

கனடாவைச் சேர்ந்த நோர்த்ரொப் ஃபிறை என்னும் திறனாய்வாளர் 1957இல் வெளியிட்ட நூலிலே நகைச்சுவை நாடகத்தின் அமைப்பை விளக்கியுள்ளார். தடைவிதிக்கும் பழைய சமுதாயமொன்றில் தொடங்கி, காதலரைச் சுற்றித் திரளும் புதிய சமுதாயமொன்றில் நாடகம் முடிகிறது. இறுதி விருந்திலே தடைவிதித்தவர்களுக்கும் இயன்றவரை இடம் அளிக்கப்படுகிறது என்பது அவர் கருத்து. இதன்படி நோக்கினால் காதலரின் மனமாற்றத்தினும் பார்வையாளரும் ஊராரும் அடையும் மாற்றமே நகைச்சுவையின் முடிவாகும். எங்கள் ஊர் நாடகத்துக்கு இறுதி அங்கம் இல்லாமற் போனதற்கு நடித்த இருவர் பொறுப்பல்லர். அவர்கள் தம் பங்கைக் குறைவறச் செய்தனர். மாற வேண்டிய பாத்திரம் ஊரே.

ஊர் சிறிது மாறியும் வருகிறது. சென்ற ஆண்டு மாமாவின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. ஏழு வயதிலே தலைபின்ன வந்தமர்ந்த அப்பெண், மணவுடையைச் சாச்சியே தைக்க வேண்டும் என்றாள். கடைத் துணிக்கு மேலே கை வேலைப்பாடு செய்து இருபது நாட்களிலே தைத்து முடித்தார் சாச்சி. உடையை வாங்க வந்தவள், “இதுக்கும் கொப்பியில விலை எழுதப் போறீங்களா சாச்சி?” என்று சபையறியக் கேட்டாள். அங்கிருந்த பெண்கள் சிரித்தனர். அச்சிரிப்பிலே ஏளனம் இருக்கவில்லை. “எழுதாம? உன்ட வாப்பா பழைய கணக்கில இன்னும் முப்பது ரூபா தரவேணும்” என்றார் சாச்சி. எட்டு ஆண்டுகள் அவ்வீடுகளுக்கிடையே தூது சென்ற நான், தூதனின் துணையின்றி அவர் அந்த மனிதரைப் பற்றிப் பிறர் முன்னிலையில் பேசியதை அன்றுதான் முதன்முதல் கேட்டேன்.

அந்த முப்பது ரூபாவை வாங்கிவரத் தான் போகப் போவதாகச் சாச்சியின் மூத்த மகள் என்னிடம் கூறியிருக்கிறார். தன் கணவரிடமும் பேசியிருக்கிறார். வீட்டின் பின்புறத்திலே ஓர் அறை கட்டும் செலவையும் கணக்கிட்டு வைத்திருக்கிறார். தாயின் வீட்டைப் பெற்ற மகள் தாய்க்கு ஓர் அறை கட்ட எண்ணுவது சிறிய செய்தியாகத் தோன்றலாம். மேலே கூறிய மூன்று தடைகளுள் முதலாவதன் மீது விழும் முதல் அடி அதுவே. சாச்சி இசைவாரா, மாமா இசைவாரா என்பது அவர்களைப் பொறுத்தது. இருவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. தனிமை பழகிவிட்டது என்று இருவரும் சிரித்துக்கொண்டே மறுத்துவிடவும் கூடும். மறுத்தாலும் அது அவர்களுடைய மறுப்பாக இருக்கும்.

பல்கலைக்கழகத்திலே பயிலும் நாம் பெண்ணுரிமை பற்றியும் காதலின் சுதந்திரம் பற்றியும் கருத்தரங்குகள் நடத்துகிறோம். அவை வேண்டற்பாலனவே. எனினும் நம்மில் எத்தனை பேருடைய வீடுகளிலே தந்தையை இழந்தபின் தாயோ, தாயை இழந்தபின் தந்தையோ தனித்திருக்கின்றனர்? தனித்திருக்கும் தந்தைக்கு ஊர் ஓராண்டுக்குள் பெண் பார்க்கிறது, தாய்க்குப் பார்ப்பதில்லை. நம் படிப்புக்காக, நம் தங்கையின் சம்பந்தத்துக்காக, நம் பெயருக்காக அத்தாய் ஏதேனும் ஒரு கொப்பியில் பொய்க்கணக்கு எழுதிக்கொண்டிருக்கலாம். திரைப்படத்திலே பிள்ளைகளின் சம்மதம் கிடைத்ததும் கதை சுபமாக முடிந்துவிடுகிறது. வாழ்விலே பிள்ளைகளின் சம்மதம் முடிவன்று, தொடக்கமே. அத்தொடக்கத்தையேனும் தாய் வாய்திறந்து கேட்கும்வரை காத்திராது, வளர்ந்த பிள்ளைகள் தாமே முன்வந்து கொடுத்தல் வேண்டும்.